டிராக்டருக்குப் பூட்டிய மாடு

மேலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னல் ஓரத்துக்காரர் திடீரென்று, "எங்க மதினி டிராக்டருக்கு மாடு பூட்டிட்டாக, மாப்ள" என்றார்.

"ரிப்பேரா, அண்ணே?"

"அதெல்லாம் இல்ல. எங்க வயலுக்குப் போற வண்டிப்பாதை பக்கத்துக் காட்டுக்காரரு நிலத்து வழியாத்தான் போகுது. மாட்டு வண்டி போகலாம், மோட்டார் ஓடுற எதுவும் போகக்கூடாதுன்னு அவரு கோர்ட்டுல தடை வாங்கிட்டாரு."

"அப்புறம்?"

"மதினி ஆர்டர ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாக. இஞ்சின அமத்தச் சொல்லிட்டு, முன்னால ரெண்டு சோடி மாட்டப் பூட்டி, பாதை முடியிற வரைக்கும் டிராக்டர இழுத்துட்டுப் போயிட்டாக. தடைய மீறுறாகளான்னு பாக்க வந்த தலையாரி பாத்துக்கிட்டே நின்னாரு. என்னன்னு எழுதுறதுன்னு அவருக்கே தெரியல."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மதினி மூளையப் பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். "ஆனா மாட்டையெல்லாம் வித்துத்தானே டிராக்டர் வாங்குனீங்க? ரெண்டு சோடி ஏது?"

"தடை வாங்குனாருல்ல, அவரு தொழுவத்து மாடுதான். அவரு வீட்டுக்காரம்மாவே அவுத்துக் குடுத்துச்சு. அது பொறந்த வீட்டு வயலும் அந்தப் பாதைக்கு அங்கிட்டுத்தான கெடக்கு, எங்க டிராக்டருக்குக் காத்துக்கிட்டு."