நரைக்கு வந்த வரன்

பெரியார் நிலையத்திலிருந்து தெப்பக்குளம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலைமுடி மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"காரியத்தைக் கெடுத்துட்டேன் செல்வி. காலையில டை அடிச்சுட்டேன்."

"நல்லாத்தானக்கா இருக்கு? பத்து வயசு கொறஞ்சு போச்சு."

"அதான் பயமா இருக்கு. கல்யாண ஆப்புல நரையோடதான் போட்டோ போட்டிருந்தேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இவரு மட்டும்தான், 'மறைக்காம போட்டிருக்கீங்க, அதான் பேசணும்னு தோணுச்சு'ன்னு எழுதுனாரு."

"பெறகு எதுக்கு அடிச்சீக?"

"மொத தடவை நேர்ல பாக்கப் போறேன்ல. மனசு கேக்கல."

"அவரு எப்படி வாராராம்?"

"போட்டோவுல இருக்குற அதே வழுக்கையோட, குளத்துப் படியில உக்காந்திருக்கேன்னாரு."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார்.

தெப்பக்குளம் ஸ்டாப்பில் எழுந்தபோதுதான் செல்வி கவனித்தார்.

"யக்கா, காதுக்குப் பின்னாடி நாலஞ்சு முடி வெள்ளையாத் தப்பிச்சிருக்கு."

அவர் சட்டென்று தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

"முன்னாடி இழுத்து விடு புள்ள."