எல்லாருக்கும் ஒரே காய்ச்சல்

சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கட்டிங் மாஸ்டர் அவர்களே, தையல் மெஷினை நிறுத்திய கையோடு வந்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் அன்னையரே, கடைசி வரிசையில் கால் நீட்டி இளைப்பாறும் பெரியவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

"சத்தமாப் பேசும்மா!" என்கிறார் ஓர் அண்ணன். பேசுகிறேன் அண்ணே. எட்டாம் வகுப்போடு நின்றவள். மைக்கைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது.

காய்ச்சல் என்றதும் ஏன் சிரிக்கிறீர்கள்? நம் தையல் கூடத்தில் லீவு லெட்டர் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். அதற்காகத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு மாதிரிக் கடிதம் ஒட்டியிருக்கிறார்கள். ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ குற்றம் குறை சொல்ல முடியாத இங்கிலீஷ்! அதைப் பார்த்துத்தான் நாம் எழுதுகிறோம். தங்கைக்குக் கல்யாணமா? ஃபீவர்! வீட்டில் பிள்ளை பிறந்ததா? ஃபீவர்! மாமனார் போய்ச் சேர்ந்தாரா? போனது அவர், ஃபீவர் நமக்கு! ஒன்பது வருஷமாக இந்தக் கூடத்துக்குள் வேறு நோய் நுழையவே இல்லை!

அந்தக் கடிதத்தின் கடைசியில் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’. எதைச் செய்யச் சொல்கிறோம்? எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. அதனால்தான் யாரும் எதுவும் செய்வதில்லை!

சிரித்தது போதும். போன மாதம், பட்டன் தைக்கும் நம் அக்காவின் விரலில் மெஷின் ஊசி நகத்தோடு இறங்கியது. அவர் என்ன எழுதிக் கொடுத்தார்? ஃபீவர்! இன்று அந்த விரல் மடங்கவில்லை. துணி மடிக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால், மேனேஜர் ஃபைலைத் திறக்கிறார்.

"ஊசியா? இதுல எங்கம்மா இருக்கு? காய்ச்சல்னு நீதானே எழுதியிருக்க? மெஷின்ல உட்காரு, இல்லைன்னா வீட்டுக்குப் போ."

அந்த அக்காவின் பக்கத்தில் நூல் பிசிறு வெட்டுகிறவள் நான். "எனக்கு அது ஒண்ணுதானே எழுதத் தெரியும் பாப்பா?" என்றார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? அழகான வாக்கியம், ஆனால் அடுத்தவர் வாக்கியம்! அக்காவின் விரலுக்கு அதில் இடமில்லை!

இதோ, என் கையில் ஒரு தாள். ‘ஊசி விரலில் இறங்கியது. நாங்கள் பார்த்தோம்.’ தமிழில் இரண்டே வரி. காலையில் மேனேஜர் மேஜைக்குப் போகும். அன்று அக்காவின் மெஷின் வரிசையில் அதைப் பார்த்தவர்கள் பதினான்கு பேர். முதல் கையெழுத்து என்னுடையது. மீதிப் பதின்மூன்று பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது.

யாருக்காவது இப்போது காய்ச்சலா?

முன்வரிசை அம்மா எழுந்துவிட்டார். வாங்கம்மா, பேனா இருக்கு. பின்னால் வருகிறவர்கள் தள்ளாமல் வாருங்கள். மேடை தந்த மாஸ்டருக்கும், என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்!