எதெல்கா அம்மையாருக்கு இரண்டாம் முறை எழுதிய மடல்

திராவா ஆற்றங்கரையில் திக்கறிந்து நின்ற தீபமே! எழுத்தெண்ணி இலக்கியம் கற்பித்த எங்கள் கலானியோஷ் எதெல்கா அம்மையே! முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் பிழைகளையெல்லாம் முகஞ்சுளிக்காமல் திருத்திய முதுபெரும் ஆசிரியையே! வணங்குகிறோம்.

இப்பள்ளியில் ஓய்வு பெறுவோர் எவராயினும், அவருக்குரிய பாராட்டு மடல் தங்கள் சிவப்பு மையில் நீராடிய பின்னரே கண்ணாடிச் சட்டத்துக்குள் புகும். அந்தப் பழக்க தோஷத்தில், சென்ற திங்களன்று தங்களுக்கான மடலையே தங்களிடம் திருத்தக் கொடுத்துவிட்டோம். கொண்டுவந்து வைத்தவர் தலைமையாசிரியர் வெந்தெல். “என் சாவுக்கு நானே ஒப்பாரி வெக்கணுமா, சார்?” என்று கேட்டீர்கள். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை, சிரித்தோம்.

மறுநாள் மடல் திரும்பி வந்தது. “காற்றெனத் திரியும் கட்டற்ற உள்ளமே” என்று நாங்கள் உருகியிருந்த இடத்தில், “முழங்கால் வலியோட பஸ்ஸுக்கு நிக்கிறவளையா சொல்றீங்க?” என்று எழுதியிருந்தீர்கள். “குருதியில் இசை கலந்த குயிலே” என்பதற்கு, “எனக்குப் பாட வராது. சர்ச்சுல வாயை மட்டும்தான் அசைப்பேன்.” “கருவிழிகளில் மர்மம் காத்தவரே” என்பதற்கு ஒரே சொல்: “கண்புரை.” அடியில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டு, “நடை நல்லாயிருக்கு. ஆளைத்தான் காணோம்” என்று முடித்திருந்தீர்கள்.

அம்மையே, அந்த அடைமொழிகள் எங்கிருந்து வந்தன என்பதை எங்களைவிட நீங்கள் நன்கறிவீர்கள். ஜிப்ஸி நாடோடிகள் என்று ஊரார் அழைக்கும் ரோமா குலத்தில் பிறந்த தாங்கள், ரோமாக்களைப் பற்றிப் பிறர் எழுதிய பெருநாவல்களை ஆண்டுதோறும் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்தீர்கள். ஒருமுறை ஆசிரியர் அறையில் மனம் பொறாமல் கேட்டீர்கள்: “எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எங்க பொம்பளை குழந்தையத் திருடுறா, கை பாத்துக் குறி சொல்றா, கடைசியில கத்திக்குத்து வாங்கிச் சாகுறா. ஒருநாளாவது அவ உக்காந்து சாப்பிட்டான்னு எவனாவது எழுதினானா?”

கணக்கு ஆசிரியை கிஸெல்லா, “கதைதானே டீச்சர், விடுங்க” என்றார்.

“கதைதான், கிஸெல்லா. ஆனா பஸ்ஸுல நான் போய் உக்காந்ததும் பக்கத்து சீட்டுக்காரங்க பையை இழுத்து மடியில வெச்சுக்கிறாங்களே, அவங்க எல்லாரும் அந்தக் கதையைப் படிச்சவங்கதான்.”

அன்று நாங்கள் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே இம்முறை ஆளை எழுதுவது என்று அமர்ந்தோம். பிறந்த தெருவிலேயே இன்றும் குடியிருக்கிறீர்கள்; ஆறு முறை வீடு மாற்றிய நாடோடி எங்கள் வெந்தெல்தான். பிளம் பழக் கொழுக்கட்டை என்றால் உங்களுக்கு உயிர் என்று சமையற்கூடத்துப் பணியாளர் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, நாற்பது பேர் கூடிய அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் வீடு பள்ளியிலிருந்து ஏழே தெரு தள்ளி இருக்கிறது.

முதல் மடலில் இன்னொரு வரியும் இருந்தது. நண்பகல் உணவுக்கு ஜன்னலோர மேசையில் தாங்கள் தனியே அமர்வதை முப்பத்தொரு ஆண்டுகளாகக் கண்டு, “தனிமையை நாடிய தவச்செல்வியே” என்று எழுதியிருந்தோம். அதன் பக்கத்தில் நீங்கள் எழுதியது இரண்டே சொற்கள்.

“யார் சொன்னது?”

அந்த வரியை அடித்துவிட்டோம், அம்மையே. எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அது தேறாது.

முழங்கால் நோவு தீர்ந்து, கண் தெளிந்து, நூறாண்டு கடந்தும் நலமோடும் நல்ல துணையோடும் தாங்கள் வாழ வேண்டும் என்று நெஞ்சார வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் மேசையில் ஒருநாளும் வந்து உட்காராத
ஆசிரியர்கள், அலுவலர்கள்.