குப்பிக்கு ரத்தம்

— மாத்திரையைக் கண்ணுல காட்டுங்க டாக்டரம்மா. பல்லு தந்தி அடிக்குது.

— தர்றேன் பெரியவரே, சமர்த்துல்ல. முதல்ல விரலை நீட்டுங்க. ஒரே சொட்டு.

— சொட்டுக்கா பஞ்சம்? பதினோரு வருஷமா திங்கட்கிழமை தவறாம ஒரு குழாய் ரத்தம் குடுத்து, நீங்க குப்பியில வளர்க்கற மலேரியாக் கிருமிக்கு நான்தானே சோறு போடறேன். குப்பியைத் திறந்தா என் வாசனைக்கு வாலாட்டுமே. பொய் சொல்லலம்மா.

— அதுக்கு ஏது வாலு? ஆடாம இருங்க, மைக்ராஸ்கோப்புல வெக்கறேன்... அடடா! என் தங்கமே!

— என்னையா கொஞ்சறீங்க?

— கிருமியை. அன்னிக்கு எனக்கு ஒத்தாசையா, குப்பியிலேர்ந்து கிருமி எடுத்த ஊசிக்கு மூடி போடறப்ப விரல்ல குத்திக்கிட்டீங்களே, அதோட வேலை.

— ஒண்ணும் ஆகாது, துடைச்சுட்டுப் போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன். சமர்த்துல்ல, கேளுங்க. குப்பியிலயே கிடந்து கிடந்து இதுங்க ஆண் பெண்ணா மாறுறதையே மறந்துடுச்சு. மாறினாத்தான் கொசுவுக்குப் போகும், என் ஆராய்ச்சி நகரும். மனுஷ உடம்புல இருந்தா மாறும். இன்னும் மூணே நாள் மாத்திரை வேண்டாம்.

— மூணு நாளா! நேத்து நான் நடுங்கினதுல கட்டில் ஆடி, பக்கத்து வீட்டுக்காரன் பூகம்பம்னு பிள்ளைகளைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடிட்டான்.

— கம்பளி தர்றேன்.

— செத்துட்டேன்னா?

— அதுக்குத்தான் காலையும் சாயங்காலமும் உங்க ரத்தத்துல கிருமியை எண்ணப் போறேன். எல்லை மீறினா மாத்திரை. பீரோ சாவி என்கிட்டதான்.

— இது எப்பலேர்ந்தும்மா தெரியும் உங்களுக்கு?

— போன திங்கட்கிழமை. நீங்க குடுத்த குழாயிலேயே ரெண்டு மூணு தட்டுப்பட்டுது.

— போன திங்களேவா? யார்கிட்டயும் சொல்லலையா?

— சொன்னா உங்களுக்கு மருந்தைக் குடுத்துக் காரியத்தைக் கெடுத்துடுவாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடலை.

— ஐயாகிட்டயுமா! அதான் பாவம், வியாழக்கிழமை என்னை அள்ளிக் கார்ல போட்டுக்கிட்டுப் பறந்தார்.

— எங்கே?

— உங்க பொண்ணு இருந்த ஆஸ்பத்திரிக்கு. பிள்ளை பொறந்தும் ரத்தப்போக்கு நிக்கலையே. அன்னிக்கு எனக்குக் காய்ச்சலும் இல்ல.

— யாரோ நல்ல மனுஷன் ரத்தம் குடுத்தார்னு சொன்னாரே...

— நான்தாம்மா. நர்ஸு டெஸ்ட் எடுக்கணும்னு நின்னா. ஐயாதான், “வாரா வாரம் என் சம்சாரமே மைக்ராஸ்கோப்புல பார்க்குற ரத்தம், ஏத்தும்மா”ன்னுட்டார்.