ஒரு செகண்டில் "பார்த்தாச்சு"

ஹலோ... ஆமா, லோகப்பிரியாதான் பேசறேன்... ஆருங்க? ... மதன்குமாரா?

இப்பத்தான் என்ற நம்பர் ஞாபகம் வந்துச்சுங்களா? ... ஆமா, ஆமா, என்ற கல்யாணப் பத்திரிக்கை வந்திருக்கும். அன்னூர் குடோன்ல இருக்கற எல்லாத்துக்கும் சித்தப்பாவே ஆபீஸ்லிருந்து அனுப்புனாரு. உங்களை மட்டும் எப்புடி உடுவாரு?

... நான் சொல்லலியா? ஏனுங்க, மனசாட்சின்னு ஒன்னு இருக்குதுங்களா உங்களுக்கு?

... போன் ஆஃப்ல இருந்துச்சு, ஆமா. நம்ம போட்டோவப் பாத்துட்டு அப்பா புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. ... பக்கத்து சீட்டு அக்ஷிதா போன்லயா? எதுத்த டேபிள்ல சித்தப்பா மேனேஜரா உக்காந்து என்ற மூஞ்சியவே பாத்துட்டிருக்கறாரு, எப்புடிங்க பேசறது? அதனாலதான் பில்லிங் சாஃப்ட்வேர்ல இருக்கற சாட்லயே உங்களுக்கு அனுப்புனேன். ஒருக்கா இல்ல, மூணு தடவ!

... வரலியா? பொய் சொல்லாதீங்க. மூணுக்கும் "பார்த்தாச்சு"ன்னு வந்துச்சு. அனுப்பி ஒரு செகண்டு ஆகல, பார்த்தாச்சு! ... இருங்க, நான் பேசி முடிச்சர்றேன். சிஸ்டம் முன்னால உக்காந்து படிச்சுப்போட்டு, உங்களுக்கு ஒரு பதில் போடக் கை வரலையேன்னு, பாத்ரூம்ல போயி நின்னு அழுதேனுங்க. ... ம். ... ம்.

... எந்த ஸ்கிரிப்ட்டு?

...

இருங்க. இருங்க மதன். ... ஆமா, நாந்தான் எழுதிக் குடுத்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் "சேமிக்கப்பட்டது"ன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது, ஓக்கே அடிச்சடிச்சு மணிக்கட்டு வலிக்குதுன்னீங்க. நாந்தான் ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து ஆட்டோஹாட்கீன்னு ஒரு புரோகிராம் கத்துக்கிட்டு, பெட்டி வந்தாத் தானா மூடற மாதிரி... ஆமா. ... ஆமாங்க.

சாட் வந்தாலும் அதே மாதிரி பெட்டிதான். தலைப்புலயும் அதே சாஃப்ட்வேர் பேருதான்... ஐயோ. தலைப்ப மட்டும் பாத்து மூடுன்னுதான் எழுதுனேன். உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கச் சொல்லி எழுதலீங்க. மூடுனா அதுவாவே "பார்த்தாச்சு"ன்னு போட்டுக்கும். மூடுன மெசேஜத் திரும்ப எடுக்கவும் முடியாது...

என்ற கையாலயே மூடிப்போட்டேன்.

... அழுகாதீங்க. ... மதன், அழுகாதீங்க.

வாரேனுங்க பெரியம்மா! சேலைக்குப் பின் குத்திட்டிருக்கறேன்!

... ஒன்னுமில்ல, சீருக்குக் கூப்படறாங்க. ஊடு பூரா ஒரம்பரை, சொந்தக்காரங்க.

... அவிநாசி பஸ் ஸ்டாண்டுலயா? இப்பவா? ... வேண்டாங்க. வராதீங்க. உப்பு சக்கரை மாத்தி நிச்சயமாயி ஒரு மாசமாச்சு, நாளைக்குக் காத்தால முகூர்த்தம். அந்தத் தாராபுரத்து மாப்பிள்ள என்னங்க தப்புப் பண்ணுனாரு? ... அப்பா தலை குனிஞ்சு நிப்பாரு. முடியாதுங்க. அன்னைக்குன்னா எதுக்கும் துணிஞ்சிருப்பேன்.

... ஆமா, கூப்பட்டிருக்கலாம். உப்பு சக்கரை மாத்துன அன்னைக்கே அப்பா போனத் திருப்பிக் குடுத்துட்டாரு. பாத்துட்டும் பேசாத மனுசங்கிட்ட என்னத்தப் பேசறதுன்னு வீம்பு. ஒரு மாசமா உங்களத் திட்டிட்டே கெடந்தேன். திட்டறதுக்கு ஆளாவது இருந்துச்சு. இனி அதும் இல்ல.

... என்ன எழுதுனேன்னா? ... வேண்டாம், கேக்காதீங்க. ... கேட்டு என்ன பண்ணப் போறீங்க? ...

"கட்டிக்கறேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், அப்பாகிட்ட நானே பேசிக்கறேன்"னு எழுதுனேன். மூணு தடவையும் அதேதான்.

... இல்ல. இல்லீங்க... இப்பச் சொல்லாதீங்க. மதன், கேட்டுப்போட்டு நான் எப்புடிங்க மணவறையில உக்காருவேன்? ... சொல்லாதீங்க... வெச்சர்றேன்.