வெயிலுக்குப் போய்வரும் செடி

குரங்கணியிலிருந்து போடிக்கு இறங்கும் பஸ்சில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“எங்க வீட்டுச் செடியை, அவருக்குத் தெரியாம தெனமும் வெயிலுக்குக் கொண்டுபோறேன்.”

“என்ன செடி மதினி?”

“பெங்களூருல இருந்து மகன் கொண்டாந்தது. அத்தி வகையாம், எலை ஒண்ணொண்ணும் முறம் கணக்கா இருக்கு. வீட்டுக்குள்ளயே வளருமாம், ஆனா வெளிச்சம் வேணும்னான். இவரு கேட்டாத்தானே. இருட்டு மூலையில வச்சு, ஏலச் செடிக்கு நெழலுக்குக் கட்டுற மாதிரி பச்சை வலையைக் கட்டிவிட்டாரு.”

“அண்ணனுக்கு மலை ஞாபகம்.”

“ஏலத் தோட்டத்தை வித்துட்டுப் போடிக்கு எறங்கி வந்த பெறகும், காலையில எந்திரிச்சதும் எலை மேல புகையாத் தண்ணி அடிக்கிறாரு. மலையில மஞ்சு எறங்குற மாதிரியே இருக்கும். நானும் நின்னு பாப்பேன். ஆனா எலை உதுந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் அவரு டீக்கடைக்குப் போனதும் வாசல்ல வச்சு, வர்றதுக்குள்ள உள்ள வச்சிர்றேன். இப்பத் துளிர் விட்ருச்சு. எல்லாம் நெழலு குடுத்ததுன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்றாரு.”

வளைவில் ஏறிவந்த ஜீப்புக்கு வழிவிட்டு பஸ் வெகுநேரம் நின்றது.

“செடி இப்ப வாசல்லயா இருக்கு? அண்ணன் பாத்திருவாரே மதினி.”

“போன வாரமும் இப்படித்தான், நான் போகப் பிந்திருச்சு. போய்ப் பாத்தா செடி மூலையில இருக்கு, வலையும் கட்டியிருக்கு. அவரும் கேக்கல, நானும் சொல்லல. மறுநாளு எப்பவும் போறதைவிட வெள்ளனவே டீக்கடைக்குக் கெளம்பிட்டாரு.”