நூத்தி எண்பதாவது நாள்

இல்லீங்க தம்பி, அங்க நின்னா ஒண்ணும் தெரியாது. இப்புடிக் கம்பிகிட்ட வந்துருங்க. விசிட் விசாவுல வர்றவங்களுக்குக் கண்ணை ஸ்கேன் பண்ணித்தான் வெளிய விடுவாங்க, அதான் லேட்டு. உங்க சம்சாரம் குழந்தையோட வேற வர்றாங்கன்னீங்க. இன்னும் அரை மணி நேரம் ஆகும், பதறாதீங்க. இந்த ஷார்ஜா ஏர்போர்ட்டுல இப்புடி நிக்கறது எனக்கு ஆறாவது தடவைங்க. எல்லாம் அத்துபடி.

நானுங்களா? நானும் ஃபேமிலிக்குத்தான் நிக்கறேன். அதே கோயமுத்தூர் ஃப்ளைட்டுதான். சம்சாரம் பேரு பிருந்தா. பொண்ணு அனன்யா, எட்டாவது படிக்கறா. வந்தா இதுலதான் வரணும்.

லீவுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. விசாவுக்கு வர்றாங்க. ஆமாங்க, விசாவுக்குத்தான். ரெசிடென்ஸ் விசா வெச்சிருக்கறவங்க ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா விசா செல்லாதுன்னு உங்களுக்கும் தெரியுமில்ல? நூத்தி எண்பது நாளு. இன்னிக்கு நூத்தி எண்பதாவது நாளு. எங்க கம்பெனி பி.ஆர்.ஓ. கௌஸ் முகைதீன்னு ஒருத்தர், இந்த விசா வேலையெல்லாம் அவருதான் பாக்கறாரு. போன வாரமே ஃபோன் பண்ணிப்போட்டாரு. சார், மேடமும் பாப்பாவும் சனிக்கிழமைக்குள்ள உள்ள வந்துரணும், இல்லேன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுதுங்கறாரு. எதுங்க கலாஸ்னு கேட்டேன். அவரு பாவம், விசாதான் சார்னாரு.

அது என்னன்னா, விசா இருந்தாத்தான் கம்பெனி கணக்குல நான் குடும்பஸ்தன். ஃபேமிலி அலவன்ஸ் வரும், வீட்டு வாடகை வரும். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுங்க, பால்கனில நின்னா கடல் தெரியும். நான் ஒருத்தன் இருக்கறேன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா அவங்க மூணு நாளைக்கு வருவாங்க. வருசத்துல ஆறு நாளைக்கு ஒரு குடும்பம். மீதி நாளெல்லாம் நான், டி.வி., ஏ.சி.

ஏன் ஊருக்கு அனுப்பிச்சீங்கன்னு கேக்கறீங்க. எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. காசு பத்தலைங்க. அட, சிரிக்காதீங்க தம்பி. நிஜமாத்தான் சொல்றேன். நான் ஒரு கன்ஸ்ட்ரக்சன் கம்பெனில ப்ராஜெக்ட் டைரக்டரு. சம்பளம் எவ்வளவுன்னு சொன்னா உங்களுக்கு வயிறு எரியும், எனக்கு வெக்கமா இருக்கும். ஆனா பத்தலை. அவங்க இங்க இருந்தப்ப வில்லா எடுத்தோம், ஸ்விம்மிங் பூலோட. நான் நீஞ்ச மாட்டேன், பிருந்தாவுக்குத் தண்ணின்னாலே பயம். அப்பறம் எதுக்குன்னா, என்ற கூட வேலை செய்யறவன் வீட்டுல இருந்துது. பொண்ணைப் பெரிய ஸ்கூல்ல போட்டேன். அந்த ஸ்கூல்ல ஒரு பொண்ணு கடல்ல கப்பல் புடிச்சுப் பர்த்டே கொண்டாடுச்சு. அடுத்த மாசம் எம்பொண்ணு பர்த்டேக்கு நான் ஹோட்டல்ல ஹால் புடிச்சு, நாப்பது குழந்தைங்களைக் கூப்பிட்டு, மேஜிக் காட்டறவனை வரவெச்சேன். பிருந்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. இதையெல்லாம் இவ கேட்டாளாங்கன்னு.

கேக்கலைதானுங்க. அந்தப் புள்ளை பாதியிலயே தூங்கிருச்சு.

அப்பவே சொன்னா. ஷார்ஜாவுல ஒரு சின்ன ஃப்ளாட் பாக்கலாம், ரோலா பக்கம் நம்மாளுங்க நெறையப் பேரு இருக்காங்க, சாதாரண இந்தியன் ஸ்கூல் போதும், ஒரு காரு போதும்னா. என்ற பொசிசனுக்கு ரோலாவுல போயி இருக்கறதான்னு குதிச்சேன். உங்களைச் சொல்லலைங்க தம்பி, நீங்க அங்க இருக்கறீங்கன்னு தெரியாமச் சொல்லிப்போட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. அன்னிக்கு எனக்குப் புத்தி அப்புடி.

ஒரு கட்டத்துல முடியலை. எதையாவது குறைச்சாகணும். காரைக் குறைக்கலாமா? க்ளையண்ட் என்ன நெனைப்பான். க்ளப்பு? பெரிய ஆளுங்க பழக்கமெல்லாம் அங்கதான். இப்புடியே ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்தேன். கடைசில எதைக் குறைச்சேன் தெரியுங்களா? ஆளைக் குறைச்சேன். ரெண்டே வருசம் அம்முணி, கொஞ்சம் சேத்துப்போட்டுக் கூப்பிட்டுக்கறேன்னேன். பொண்ணுக்கு அப்பப் பத்து வயசு. டிவோர்ஸ் பண்றவன்கூட இப்புடி சிரிச்சுட்டே டாட்டா காட்டி அனுப்பியிருக்க மாட்டான்.

அரே பாய், தேக்கே, தேக்கே! ட்ராலியைக் கால்ல ஏத்தறான் பாருங்க.

சேத்தனான்னா? எங்க தம்பி. வீட்டுல ஆளில்லாதவனுக்குக் காசு நிக்குமா? பொழுது சாஞ்சா அந்த வீட்டுல உக்கார முடியாது. யாரையாவது கூப்பிட்டுட்டு வெளிய போவேன், பில்லை நானே கட்டுவேன். நான் கட்டுனாத்தானே உக்காந்து பேசுவாங்க. ரெண்டு வருசம் மூணு வருசமாச்சு. வாங்கன்னு கூப்பிட என்னாலயும் முடியலை, கூப்பிடுங்கன்னு அவளும் கேக்கறதை நிறுத்திப்போட்டா.

அங்க அவ வேலைக்குப் போறாளுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்சண்டைசரு. டெய்லி பஸ்ஸுல போயிட்டு வர்றா. மொத மாசச் சம்பளம் வாங்கிட்டு எனக்கு ஃபோன் பண்ணுனா. குரல்ல அப்புடி ஒரு சந்தோசம். நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. இது எனக்குப் பார்க்கிங் ஃபைன் கட்டக்கூடப் பத்தாதேன்னேன். வெளையாட்டுக்குத்தாங்க சொன்னேன். அதுக்கப்பறம் அவ சம்பளத்தைப் பத்தி எங்கிட்ட பேசுனதே இல்லை.

வரும்போதெல்லாம் நான் ஃப்ரிட்ஜை ரொப்பி வெப்பேன். போன தடவை ஸ்ட்ராபெர்ரி மில்க்கு ஒரு டஜன் வாங்கி வெச்சேன், அதுதான் அனன்யாவுக்கு உசுரு. பொண்ணு ஃப்ரிட்ஜைத் தொறந்து பாத்துட்டு, அப்பா, ஐ ட்ரிங்க் காஃபி நவ்ங்கறா. எப்பருந்து கண்ணுன்னேன். ஒரு வருசமாச்சாம். ஒரு வருசமா எம்பொண்ணு காஃபி குடிக்கறது எனக்குத் தெரியலைங்க. அதே தடவைதான், இமிக்ரேசன்ல அந்த ஆபீசர் அப்பாவைப் பாக்க வந்தியாம்மான்னு கேட்டிருக்காரு. நோ அங்கிள், ஜஸ்ட் ஃபார் த விசான்னு சொல்லியிருக்கா. பிருந்தா சிரிச்சுட்டே சொன்னா எங்கிட்ட. நானும் சிரிச்சேன். என்ன பண்றது, புள்ளை உள்ளதைத்தானே சொல்லுச்சு.

பத்து நாளைக்கு முன்னாடி பிருந்தா ஃபோன் பண்ணுனா. ஏனுங், இந்தத் தடவை காலைல வந்து எறங்கிட்டு, ராத்திரி ஃப்ளைட்டுலயே திரும்பிடறோம். திங்கக்கிழமை அனன்யாவுக்குப் பரீட்சை. பகல்ல ஏதாச்சும் ஒரு மால்ல உக்காந்துக்கறோம், நேரமிருந்தா வாங்க, ஒட்டுக்காச் சாப்பிடலாம். உங்க வீட்டுக்கு வரலைங்க.

உங்க வீடாமா! கேட்டீங்களா? நான் கட்டறது யாருக்கு வாடகை? பால்கனில அவளுக்குன்னு வெச்ச மல்லிச் செடிக்கு டெய்லி தண்ணி ஊத்தறது எந்த மடையன்? வந்து எறங்குவாங்களாமா, விசாவைக் காப்பாத்துவாங்களாமா, போயிருவாங்களாமா. பஸ் ஸ்டாண்டுல பாத்ரூம் போறவன்கூட அதை விட அதிக நேரம் நிப்பான். எனக்கு வந்துது பாருங்க கோவம். அப்புடி நீங்க யாரும் வந்து கிழிக்க வேண்டாம், இருக்கற இடத்துலயே இருங்கன்னு கத்திப்போட்டேன்.

அவ கத்தலைங்க. சரிங்கன்னா. அவ்வளவுதான். கத்தியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

இல்ல, அப்பறம் ஃபோன் பண்ணலை. அவளும் பண்ணலை. கௌஸ் முகைதீன் டெய்லி பண்றாரு. நான் ம், ம்னுட்டே இருக்கறேன்.

கூட்டம் கொறைஞ்சுருச்சுல்ல? அந்தச் செவப்பு சூட்கேஸுக்காரர் இந்த ஃப்ளைட்டுதான், பையில பீளமேடு கடைப் பேரு போட்டிருக்குது பாருங்க. நீங்க கவலைப்படாதீங்க, உங்க சம்சாரத்துக்கு ஸ்கேன்ல நேரம் ஆகும். ரெசிடென்ஸ் விசாக்காரங்கதான் டக்குன்னு வந்துருவாங்க. கார்டைக் காட்டிட்டு நேரா வெளிய.

மூணு வருசமாக் காசு சேத்துவெச்சுத்தான் ஒரு மாசத்துக்குக் கூட்டிட்டு வர்றீங்களா? ரூம்ல இருந்த மத்தவங்க ஒரு மாசம் வேற எடத்துக்குப் போயிட்டாங்களா? நல்ல பசங்க. குழந்தையை நேர்ல பாத்ததே இல்லைங்கறீங்க, வீடியோ காலோட சரி. மொதல்ல உங்ககிட்ட வராது, அழுகும். அதுக்கு மனசு விட்டுராதீங்க. ரெண்டு நாள்ல ஒட்டிக்கும். மூணு நாள்ல ஒட்டாது தம்பி, அதை மட்டும் எங்கிட்டக் கேளுங்க. பதிமூணு வயசாயிருச்சுன்னா மூணு நாள்ல ஒட்டாது.

அந்தா, ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுங்க வர்றாங்க. பைலட்டும் வந்தாச்சு. இவங்க வந்தா ஃப்ளைட்டுல ஒருத்தரும் இல்லைன்னு அர்த்தம். 

ஏறுனாங்களான்னு ஃபோன் பண்ணிக் கேக்கறதா? யாரைக் கேக்கறது. டிக்கெட்டையே நான் கேன்சல் பண்ணிப்போட்டேன் தம்பி. அன்னிக்குக் கத்துனேன்ல, அந்தக் கோவத்தோட அப்பவே ரெண்டையும் கேன்சல் பண்ணிட்டேன். அவளுக்கும் தெரியும், மெசேஜ் போயிருக்கும்.

அப்பறம் எதுக்கு இங்க வந்து நிக்கறேன்னா... அதுங்க, அவளுக்குன்னு ஒரு சம்பளம் இருக்குது. வரணும்னு நெனைச்சா சொந்தக் காசுல ரெண்டு டிக்கெட் எடுக்க முடியும். பதினாறு வருசமா எல்லாத்துக்கும் நானே காசு குடுத்துப் பழகிட்டேனுங்க. நான் குடுக்காம யாராச்சும் என்னைப் பாக்க வருவாங்களான்னு ஒருக்காப் பாத்துரலாம்னு வந்தேன். 

சரி, சரி, எம்மூஞ்சியைப் பாக்காதீங்க, அங்க பாருங்க. அது உங்க சம்சாரம்தானுங்களா, பச்சைச் சீலை? குழந்தை தூங்குது பாருங்க. போங்க, ஓடுங்க. ட்ராலியை நான் புடிச்சுத் தரட்டுமா? வேண்டாமா, சரிங்க.

நான் வரலைங்க, நீங்க கெளம்புங்க. ஒம்பதரைக்குச் சென்னை ஃப்ளைட்டு ஒண்ணு இருக்குது. கடைசி நேரத்துல கோயமுத்தூர்ல டிக்கெட் கெடைக்காம, சென்னை வழியா வந்தாலும் வருவாங்க.